மிகைச் சோதனை

எப்பொருளையும் சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது உலகத்தார் யாவரும் ஒப்பிய முறை. பொற்கொல்லன் உரைகல்லை நாடுகின்றான். உழவன் விதையை நீரிலிட்டுப் பார்க்கின்றான். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலே பெண்மக்கள் ஒவ்வொரு பீஸையும் விளக்கொளியில் விரித்துப் பார்த்த பின்னரே பெட்டியில் அடுக்க விடுகின்றனர். இவற்றின் பயனை மறுப்பார் எவருமிலர். ஆயினும், ஒருமுறை சோதித்தல் நன்று என்பதனால் ஒன்பது முறை சோதித்தல் ஒன்பது மடங்கு நன்று ஆகுமோ? ஐயமறத் தெளிந்த ஒன்றை மீண்டும் மீண்டும் வினவுதல் எச்சரிக்கையின் பாற்படுமா, அன்றித் தெளிவின்மையின் அடையாளமா?

இவ்வினா, கணினியின் உள்ளே நின்று அதனை ஆளும் கெர்னல் என்னும் நிரலை எழுதுவோரிடையே நெடுநாளாக வழங்கி வருகின்றது. அந்நிரலிலே ‘வெற்றுச்சுட்டிச் சோதனை’ என்று ஒன்று உண்டு. அவற்றுள் வேண்டாதனவற்றைக் களைவது நன்மையா, தீமையா என்பதே வழக்கு. கணினி இயல் பயிலும் இளைஞர், பொதுநிரல் பணியிலே முதலடி எடுத்து வைக்கும்போது பெரும்பாலும் இத்தகைய களையெடுப்பையே முதல் வேலையாக மேற்கொள்கின்றனர். எளிது போலத் தோன்றும் அவ்வேலை அத்துணை எளிதன்று. ஆதலின் அதனைப் பற்றி நம் கருத்தை இம்மலரில் வெளியிடுவது தகும் என எண்ணுகின்றோம்.

கணினி இயல் பயிலாத நண்பர்களுக்காக முதற்கண் விஷயத்தை விளக்குவோம். கணினியிலே ஒவ்வொரு செய்தியும் நினைவகத்தில் ஓர் இடத்தில் வைக்கப்பெறுகின்றது. அவ்விடத்தின் எண்ணைக் குறித்து வைத்திருப்பதற்குச் ‘சுட்டி’ என்று பெயர். அஃது ஒரு வீட்டின் கதவெண் போன்றது. சிற்சில வேளைகளில் சுட்டி எந்த வீட்டையும் சுட்டாது வெறுமையாக நிற்கும். அதன் எண் சுழியம். இதுவே வெற்றுச்சுட்டி. அதனை மெய்யான முகவரி என நம்பிச் சென்றால் அங்கே வீடில்லை. பிற நிரல்களில் இப்பிழை நேர்ந்தால் அந்நிரல் ஒன்றே வீழும். கெர்னலில் நேர்ந்தாலோ கணினி முழுவதுமே நின்றுபோதல் கூடும். ஆகவே, சுட்டியைப் பயன்படுத்துமுன், ‘இது வெறுமையோ?’ என்று வினவி, வெறுமையாயின் விலகிச் செல்லுமாறு ஒரு வரி எழுதி வைப்பது வழக்கம்.

இவ்வெறுமையை நிரல்மொழியிற் புகுத்தியவர் ஆங்கிலேய அறிஞர் டோனி ஹோர். 1965 ஆம் ஆண்டில் ஆல்கால் டபிள்யூ என்னும் மொழியை வகுத்தபோது, செய்வதற்கு மிக எளிதாயிருந்தமையின் அதனைச் சேர்த்ததாகவும், அது நூறு கோடி டாலர் நட்டம் விளைத்த தம் பெரும்பிழை என்றும் 2009 ஆம் ஆண்டில் அவரே கூறினார். அப்பிழையின் வாரிசுகளாகவே இன்று சி மொழியில் எழுதுவோர் யாவரும் உள்ளனர். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளுக்கும் மேற்பட்டது. அதன் பெரும்பகுதி சி மொழியே. ஆண்ட்ராய்டு கைபேசிகள் யாவும் அதன்மீதே இயங்குகின்றன. எனவே இஃது எங்கோ தொலைவில் நிகழும் புலவர் சண்டையன்று.

இதன் உள்ளியல்பை அறிய நம்மூர் நிட்டிங் கம்பெனியினுள் ஒருமுறை நுழைந்து பார்த்தல் போதும். முப்பது அங்குல விட்டமும் 24 கேஜும் உடைய ஒரு வட்டப் பின்னல் மெஷினிலே ஏறத்தாழ 2,260 ஊசிகள் வளையமாக நிற்கின்றன. மேலே ஸ்டாண்டில் உள்ள கோன்களிலிருந்து நூல் இறங்கி, தொண்ணூறு அளவிலான ஃபீடர்கள் வழியே ஊசிகளுக்குச் செல்கின்றது. ஒரு ஃபீடரில் நூல் வராது போயின் ஊசி வெறுமையைக் கவ்வும், கண்ணி நழுவும், துணியிலே ஓட்டை விழும். இதனைத் தடுக்கவே ஒவ்வொரு ஃபீடரிலும் நூல் உண்டா இல்லையா என்று பார்க்கும் சிறு நெம்புகோல் அமைந்துள்ளது. நூல் அறுந்தால் அது சாய்ந்து விளக்கை எரியச் செய்து மெஷினை நிறுத்திவிடும். வெற்றுச்சுட்டிச் சோதனை என்பது இதுவன்றி வேறில்லை.

இனி, அந்த ஃபீடரை உற்று நோக்குவோர் அதில் ஒன்றன்று, இரண்டு காவல்கள் இருத்தலைக் காண்பர். ஒன்று நூல் சுற்றப்பெறும் சக்கரத்திற்கு மேலும், மற்றொன்று அதற்குக் கீழும் உள்ளது. ‘ஒரே நூலுக்கு இரண்டு காவல் எற்றுக்கு? ஒன்றைக் கழற்றிவிடலாமே’ என்று புதியவன் ஒருவன் எண்ணக்கூடும். மேலுள்ளது கோனிலிருந்து சக்கரம் வரை நூல் அறாமல் வருகின்றதா என்று பார்க்கின்றது. கீழுள்ளது சக்கரத்திலிருந்து ஊசி வரை பார்க்கின்றது. சக்கரத்தில் நூல் நிரம்பச் சுற்றியிருக்கும்போது மேலே அறுந்தாலும் கீழே சிறிது நேரம் நூல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் மெஷின் நின்றுவிட்டால் துணி கெடாமல் முடிச்சிட்டுக் கொள்ளலாம். ஆகவே தோற்றத்தில் ஒன்றேயாயினும் இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இவற்றுள் ஒன்றும் மிகையன்று.

ஆனால் அதே ஊரில், ஒரே மேஜையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே குறையைத் தேடி, ஒரே பீஸை மூவர் அடுத்தடுத்துப் பார்க்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். அங்கே நிகழ்வது யாது? முதலாமவர், ‘நமக்குப் பின் இருவர் உளர்’ என்று சோர்கின்றார். மூன்றாமவர், ‘நமக்கு முன் இருவர் பார்த்துவிட்டனர்’ என்று சோர்கின்றார். நடுவிலுள்ளவர்க்கு இரு காரணமும் உண்டு. மூன்று பேரின் கூலி செலவாகின்றது. பொறுப்பு மட்டும் ஒருவர் தலையிலும் நிற்பதில்லை. மிகைச் சோதனையின் முதற்கேடு இதுவே என்பது நம் கொள்கை. செலவாகும் காலம் சிறிதே. கெடுவது பொறுப்பின் இடம்.

கெர்னல் நிரலிலும் இவ்வாறே. ஒரு வெறுமைச் சோதனை கணினியின் நேரத்தில் கொள்ளும் பங்கு பெரும்பாலும் எண்ணத்தக்கதன்று. இக்காலத்து யந்திரங்கள் எவ்வழி செல்லும் என முன்கூட்டியே ஊகித்து ஓடுவன. எனவே ‘வேகம் மிகும்’ என்னும் காரணங்காட்டிச் சோதனைகளைக் களைய முற்படுவோர் வாதம் வலிவற்றது. உண்மைக் காரணம் வேறு. நிரலின் ஒவ்வொரு வரியும் யந்திரத்திற்கு இட்ட கட்டளையாதல் போலவே, பின்வந்து படிப்போனுக்குக் கூறிய சாட்சியமும் ஆகும். ‘இது வெறுமையோ?’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தால், ‘இவ்விடத்தில் இது வெறுமையாக வரக்கூடும்’ என்று எழுதியவன் சொன்னதாகவே படிப்போன் கொள்வான். ஒருகாலும் வெறுமையாக வராத இடத்தில் அவ்வாறு எழுதுதல் பொய்ச்சாட்சி. அதனை நம்பி அவன் தானும் அடுத்த வரியில் ஒரு சோதனை சேர்ப்பான்; அவனைக் கண்டு பிறனொருவன் சேர்ப்பான். அன்றியும், வெறுமையாயின் செய்ய வேண்டியன என்று எழுதப்பெற்ற வரிகள் ஒருநாளும் இயங்காமையால் ஒருவராலும் சரி பார்க்கப்படாமலே கிடக்கும். குடியிராத வீட்டிலே பாம்பு புகுதல் போல அவற்றிலே பிழை புகும்.

ஆயின், மிகை எனப்படுவன யாவும் ஓரினம் அல்ல. நாம் அறிந்தவரை அவற்றை நான்கு வகையாகப் பகுத்துக் கூறுவோம்.

முதலாவது, உண்மையான மிகை. கெர்னலிலே நினைவிடத்தை விடுவிப்பதற்குக் ‘கே-ஃப்ரீ’ என்னும் செயற்கூறு உளது. வெற்றுச்சுட்டியை அதனிடம் கொடுத்தால் அஃது ஒன்றும் செய்யாது வாளா திரும்பும். அச்சோதனை அதனுள்ளேயே இருக்கின்றது. அங்ஙனமிருக்க, அதனை அழைக்குமுன் அழைப்போனும் ‘வெறுமையோ?’ என்று வினவுதல் வாயிற்காவலன் இருக்க விருந்தினனே தன்னைச் சோதித்துக்கொண்டு வருதல் போன்றது. இத்தகைய வரிகளைக் கண்டு களைவதற்கெனவே ஒரு சிறு கருவி லினக்ஸ் நிரலுடனேயே வைக்கப்பெற்றுள்ளது. பிரான்சு தேசத்தில் ஜூலியா லாவால் முதலிய ஆராய்ச்சியாளர் உருவாக்கிய காக்சினெல் என்னும் ஏற்பாட்டின் உதவியால் அது தொழிற்படுகின்றது. இங்கும் ஒரு விலக்கு உண்டு. மிக விரைவாகப் பலமுறை ஓடும் வழியிலே, சுட்டி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்குமாயின், அழைக்கும் செலவையே மிச்சப்படுத்த முன்சோதனையை வேண்டுமென்றே வைப்பாருமுளர். அதனை அறியாது களைதல் கூடாது.

இரண்டாவது, இடம் மாறிய சோதனை. ஒரு செயற்கூறு வெறுமையை ஒருகாலும் திருப்பித் தராது, பிழை நேர்ந்தால் அப்பிழையின் எண்ணையே முகவரி போல உடுத்தி அனுப்பும். நினைவகத்தின் உச்சியிலுள்ள 4,095 முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. கெர்னலுக்குள் புதியதோர் இழையைத் தொடங்கும் செயற்கூறு இவ்வினத்தது. அதனிடமிருந்து வந்ததை ‘வெறுமையோ?’ என்று கேட்டால் விடை எப்பொழுதும் ‘அன்று’ என்பதே. பிழையோ மாறுவேடத்தில் உள்ளே புகுந்துவிடும். இங்கே சோதனை மிகை என்று கருவி கூறும், அது மெய்யே. ஆனால் அதனை வெறுமனே நீக்கிவிட்டுச் செல்வோன் பாதி வேலையே செய்தான். கீழை வாயிலில் நின்ற காவலனை மேலை வாயிலுக்கு மாற்றுதலே அங்கே செய்யத்தக்கது.

மூன்றாவது, கருத்துப் பிழையின் தடயமாகிய சோதனை. லினக்ஸ் கெர்னலில் பொருள்களை வரிசையாகக் கோத்து வைக்கும் சங்கிலி, நம் நிட்டிங் மெஷினின் ஊசிகளைப் போலவே, வளையமாக அமைந்தது. வளையத்தில் கடைசி ஊசி என்று ஒன்று இல்லை. சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தோம் என்பதைக் கொண்டே சுற்று முடிந்தது என அறிதல் வேண்டும். இதனை மறந்த ஒருவன் ஒரு பொருளைத் தேடிச் சங்கிலி முழுவதும் சுற்றிவிட்டு, ‘இப்பொழுது சுட்டி வெறுமையோ? ஆயின் பொருள் அகப்படவில்லை’ என்று எழுதுவான். அச்சுட்டி ஒருகாலும் வெறுமையாகாது; பொருள் அகப்படாவிடினும் அது பொருந்தாத ஓரிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். இச்சோதனை பயனற்றது என்பது மெய். ஆனால் ‘அகப்படாதாயின் யாது செய்வது?’ என்னும் நியாயமான கேள்வியை அவன் கேட்க முயன்றான் என்பதற்கு அதுவே சான்று. அதனை அழித்தால் பிழை எஞ்சும், பிழையின் தடயம் மறையும். இத்தகைய இடர்களை ஒழிக்கும் வழியை ஆராய்ந்ததன் பயனாகவே லினக்ஸார் 2022 ஆம் ஆண்டில், 5.18 ஆம் பதிப்பில், 1989 ஆம் ஆண்டின் சி மொழி மரபைக் கைவிட்டு 2011 ஆம் ஆண்டின் மரபுக்கு மாறினர். ஒரு சிறு சோதனையின் பின்னே எத்துணைப் பெரிய கேள்வி ஒளிந்திருத்தல் கூடும் என்பதற்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு.

நான்காவது, காலங்கடந்த சோதனை. சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டுப் பின்னர் ‘வெறுமையோ?’ என்று வினவுதல் இவ்வகை. இதன் விளைவு யாது என்பதை உலகம் 2009 ஆம் ஆண்டில் கண்டது. லினக்ஸின் 2.6.30 ஆம் பதிப்பில், ‘டன்’ என்னும் வலையமைப்புப் பகுதியிலே, ஒரு சுட்டியின் உள்ளிருந்து ஒரு மதிப்பை எடுத்த பின்னர் அச்சுட்டி வெறுமையோ என்று வினவும் வரி இருந்தது. மனிதர் எழுதிய நிரலை யந்திரக் கட்டளையாக மாற்றுவது கம்பைலர். அது தன் நியாயப்படி பின்வருமாறு எண்ணிற்று: ‘வெற்றுச்சுட்டியைப் பயன்படுத்துதல் மொழியின் விதிக்குப் புறம்பு, இவனோ முன்பே பயன்படுத்திவிட்டான், ஆதலின் இது வெறுமையன்று, ஆகவே இச்சோதனை மிகை.’ எண்ணியவாறே அச்சோதனையை ஓசையின்றி நீக்கிவிட்டது. சுழியமாம் முகவரியில் தனக்கு வேண்டியதை முன்னரே வைத்துவிட்ட தீயவன் ஒருவனுக்குக் கெர்னலின் கதவு திறந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பிராட் ஸ்பெங்லர் என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அதனைச் செய்துகாட்டி வெளியிட்டார்.

இதற்குச் செய்த பரிகாரத்தை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். நிரலில் ஒரு வரி இடம் மாறியது. சோதனை முன்னும், பயன்படுத்துதல் பின்னுமாக வைக்கப்பட்டன. அவ்வளவே. அதனோடு, கெர்னலைத் தொகுக்கும்போது வெறுமைச் சோதனைகளைத் தன் விருப்பப்படி நீக்கலாகாது என்று கம்பைலருக்கு ஒரு கட்டளையும் இடப்பட்டது. அக்கட்டளை இன்றளவும் நிற்கின்றது. யந்திரத்தின் தருக்கத்தில் பிழையில்லை. அது கண்ட மிகை உண்மை மிகையே. ஆனால் ‘இவன் ஏன் இவ்விடத்தில் வினவினான்?’ என்று கேட்கும் ஆற்றல் அதற்கில்லை. அக்கேள்வியைக் கேட்பதற்கே மனிதன் வேண்டும்.

காலங்கடந்த சோதனையின் கொடுமையை நம் நாட்டார்க்கு விளக்க வேற்று நாட்டு உதாரணம் வேண்டுவதில்லை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றித் திருப்பூரின் நடுவே செல்லும் நொய்யல் போதும். சாயப்பட்டறை நீர் ஆற்றிற் கலந்த பின்னர், 1992 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையிலே தேங்கிய நீரை அளந்து பார்த்து, அது பயிருக்கு ஆகாது எனக் கண்டமையால் எவருக்கு என்ன பயன்? அளவு மெய், வினா நியாயம், ஆயினும் காலமும் இடமும் கடந்துவிட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளிச்செல்லலாகாது எனப் பட்டறையின் வாயிலிலேயே நிறுத்திக் கேட்கும் முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டில் விதித்தது. அது நிறைவேறாமையால் 2011 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதனால் இவ்வூர்த் தொழிலாளர் பட்ட துன்பம் பலரும் அறிந்ததே. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் முதலிலேயே கேட்டிருப்பின், உழவர்க்கும் தொழிலாளர்க்கும் நேர்ந்த இரு துன்பமும் பெரிதும் குறைந்திருக்கும்.

இனி, மறுதரப்பாரின் வாதத்தையும் நேர்மையுடன் எடுத்துக் கூறுவது நம் கடமை. ‘மிகையாயினும் தீங்கில்லையே, இன்று வெறுமையாக வாராத சுட்டி, நாளை வேறொருவர் செய்யும் மாறுதலால் வெறுமையாக வரக்கூடும், அந்நாளில் இச்சோதனை காக்கும், ஆகவே இருக்கட்டும்’ என்பர் அவர். இவ்வாதத்திற்குத் துணையாக 2024 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாளை அவர்கள் சுட்டக்கூடும். அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பினால் விண்டோஸ் கணினிகள் 85 இலட்சம் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களிலே பயணச்சீட்டுக்களைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அங்கே நடந்தது வெறுமைச் சோதனையின் குறையன்று; எனினும் அதற்கு மிக நெருங்கியது. கெர்னலில் இயங்கிய அந்நிரல் இருபத்தொன்றாம் மதிப்பைப் படிக்க முயன்றது. அதற்கு அளிக்கப்பெற்றவை இருபதே. எல்லை கடந்து படிப்பதைத் தடுக்கும் சோதனை அவ்விடத்தில் இல்லை. புதுப்பிப்பை அனுப்புமுன் பார்க்கும் வேறொரு சோதனையோ, தன்னிடமிருந்த பிழையால், குற்றமில்லை என்று விடுத்தது.

இந்நிகழ்ச்சி, எல்லாச் சோதனைகளையும் காக்க வேண்டும் என்பதற்குச் சான்றன்று என்பதே நம் துணிபு. எதனை அது காட்டுகின்றது? வெளியிலிருந்து வரும் பொருளை உள்ளே ஏற்கும் வாயிலில் சோதனை கட்டாயம் வேண்டும்; முன்னொருவர் பார்த்திருப்பார் என்பது அங்கே போதாது. பனியன் கம்பெனிகளில் தையல் ஊசி முறிந்தால் அதன் துண்டுகள் யாவற்றையும் தேடிச் சேர்த்துக் கணக்கில் ஒட்டி வைக்கின்றனர். ஆயினும் பெட்டியில் அடைக்குமுன் உடைகளை உலோகம் காட்டும் மெஷினில் செலுத்தியே விடுகின்றனர். இது மிகையன்று. முன்னது மனிதரின் சாட்சியம், பின்னது யந்திரத்தின் சாட்சியம். ஒன்று தவறும் வகையில் மற்றொன்று தவறாது. ஒரு குழந்தையின் உடம்பிற் படப்போகும் உடையிலே அத்துணைக் காவல் தகும். ஆனால் உலோகச் சோதனை முடித்துப் பெட்டியில் அடைத்து முத்திரையிட்டதை, அடுத்த அறையிலே அதே மெஷினில் மீண்டும் செலுத்துவது எவருக்குக் காவல்? கெர்னலிலும் பயனரிடமிருந்தும் வன்பொருளிடமிருந்தும் வருவனவற்றை வாயிலில் ஐயுறுதல் வேண்டும். வாயில் கடந்து உள்ளே வந்தபின், ஒரே வீட்டார் ஒருவரையொருவர் அறைதோறும் ஐயுறுதல் ஆகாது.

‘நாளை மாறக்கூடும்’ என்னும் வாதத்திற்கும் விடை உண்டு. நாளை நேரக்கூடிய பிழையை மூடி மறைத்து ஓசையின்றி விலகிச் செல்லும் சோதனை, அப்பிழையை நீடித்து வாழச் செய்கின்றது. வாராத இடத்தில் வெறுமை வந்துவிட்டால் அது மறைக்கத்தக்கதன்று, உடனே வெளிப்படத்தக்கது. நூல் அறுந்ததை அறிந்தும் மெஷினை நிறுத்தாமல், விளக்கும் எரியாமல், ஓட்டைத் துணியை ஓட்டிக்கொண்டே இருக்கும் காவல் எதற்குப் பயன்படும்? ‘இச்சுட்டி வெறுமையாக வாராது’ என்னும் உறுதியைச் செயற்கூற்றின் தலையிலேயே குறிப்பாக எழுதி வைத்தல் பத்துச் சோதனைகளினும் மேல். அதனினும் மேலானது அவ்வுறுதியை மொழியே காத்தல். 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 6.1 ஆம் பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றுள்ள ரஸ்ட் என்னும் மொழியிலே, வெறுமையாகலாம் என்பதும் ஆகாது என்பதும் பெயரிலேயே வேறுபட்டு நிற்கின்றன. ஆகலாம் என்று அறிவித்ததைச் சோதியாமல் பயன்படுத்தக் கம்பைலர் எளிதில் விடாது. ஆகாது என்று அறிவித்ததைச் சோதிக்க வேண்டுவதே இல்லை. டோனி ஹோர் வருந்திய பிழைக்கு இது தக்க கழுவாய் எனலாம். ஆயினும் கோடிக்கணக்கான சி மொழி வரிகள் ஒருநாளில் மறையப் போவதில்லை; அவற்றைப் பேணும் பொறுப்பு இன்று கல்லூரியில் இருப்போர் கைக்கே வரும்.

ஆதலின் இப்பணியில் இறங்கும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. ஒரு சோதனையை நீக்குமுன், ‘இவ்வுறுதி எங்கே நிற்கின்றது? எவர் அதனைக் காக்கின்றார்?’ என்னும் வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதிப் பாருங்கள். ‘கே-ஃப்ரீ தானே பார்த்துக்கொள்கின்றது’ என்றோ, ‘அழைப்போர் மூவரும் இன்ன வரியில் முன்னரே பார்த்துவிட்டனர்’ என்றோ எழுத முடிந்தால் அச்சோதனையை நீக்குங்கள். அவ்வாக்கியத்தையே உங்கள் திருத்தத்தின் விளக்கமாகவும் அனுப்புங்கள். எழுத முடியாவிடில் கையை எடுத்துவிடுங்கள். ‘கருவி சொல்லிற்று’ என்பது விடையாகாது. கருவி சொல்வது ஐயம், தீர்ப்பு உங்களுடையது.

அன்றியும், திருத்தத்தின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பெயர் தேடுவதற்காக நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே நாளில் கத்தியை ஓட்டுதல் அறமன்று. ஒவ்வொரு திருத்தத்தையும் எங்கோ ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டுப் படித்தாக வேண்டும். பழைய பதிப்புக்களைப் பேணுவோர் அதனால் வரிகள் மாறிக் குழம்பவும் நேரும். நன்கு ஆராய்ந்து அனுப்பிய ஒரு திருத்தம் உங்களுக்குக் கற்பிப்பதை, ஆராயாது அனுப்பிய நூறும் கற்பிக்க மாட்டா. அந்த ஒன்றுக்காக நீங்கள் அழைப்போர் அனைவரையும் தேடிப் படித்திருப்பீர்கள். பழைய மாறுதல்களின் வரலாற்றைப் புரட்டி, அவ்வரியை முதலில் எழுதியவர் எதற்கு அஞ்சினார் என்று அறிந்திருப்பீர்கள். நிரலெழுதும் கல்வியில் இதனினும் சிறந்த பாடம் உண்டோ என்பது ஐயமே.

சோதனையைக் கூட்டுதல் எளிது. அச்சம் ஒன்றே அதற்குப் போதும். கண்மூடிக் குறைத்தலும் எளிது. துணிச்சல் ஒன்றே அதற்குப் போதும். இன்ன இடத்தில் இன்னது உறுதி என்று அறிந்து கூறிக் குறைத்தலே அரிது. அதற்கு உழைப்பு வேண்டும். அவ்வாறு ஒரு வரியை நீக்குவோன் அவ்வரி சுமந்த பொறுப்பைத் தன் பெயரோடு தான் ஏற்றுக்கொள்கின்றான். நம் கல்லூரியிலிருந்து புறப்படும் இளைஞர், கெர்னலில் கைவைத்தாலும் சரி, தந்தையாரின் நிட்டிங் கம்பெனியில் கைவைத்தாலும் சரி, அப்பொறுப்பை ஏற்கும் திறமும் மனமும் உடையவராதல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.